எதிரி வைத்துப் படித்தவள்

தியாகதுருகத்தில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் மருமகள் அவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் வேண்டாம். ஆசைப்பட்டு அவள் எதையும் கற்றுக்கொண்டதில்லை. எதைக் கற்றாலும் அதற்கு ஓர் எதிரி இருந்தான்.

தையல் கற்றது ஒரு தையல்காரனுக்காக. ரவிக்கை அக்குளில் பிடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுபோனவளிடம், "துணி சரியாத்தான் கீது, நீதான் ஊதிட்ட" என்று கடையில் நாலு பேர் சிரிக்கும்படி சொல்லிவிட்டான். அக்கா "சரிங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய மிஷின் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் காசு வாங்காமல் ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். பக்கத்துத் தெருவும் சேர்ந்துகொண்டது. அந்தப் பொங்கல் முழுக்க அவன் கடையில் ஈ ஓட்டினான். கடைசியில் அவனே வாசலில் வந்து நின்று, "தப்பா பேசிட்டம்மா" என்றான். மறுநாளே மிஷினுக்கு உறை போட்டாகிவிட்டது. ஊக்கு தைக்க வந்தவர்களைக்கூட, "அவருகிட்டயே குடுங்க, நல்லா தெப்பாரு" என்று திருப்பி அனுப்பினாள்.

ஸ்கூட்டர் ஓட்டப் பழகியது ஒரு கண்டக்டருக்காக. கூடையோடு இறங்கத் தாமதமானதற்கு அவன் ஏதோ சொல்லிவிட்டான். பிறகு கொஞ்ச காலம் தினமும் காலையில் அந்த பஸ்ஸுக்கு முன்னாலேயே கள்ளக்குறிச்சிவரை போவாள். ஹாரன் அடிக்க அடிக்க வழி விடமாட்டாள். அந்த பஸ்ஸில்தான் நானும் வேலைக்குப் போவேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். முகம் சாந்தமாகிவிடும். ஈரத் தலையைத் துண்டால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வாயில் நாலு பச்சரிசியைப் போட்டு மென்றபடி, "சரிங்க" என்பாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் புருஷன் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே போனவன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவான். பிள்ளை இல்லை. ஊரில் கரும்பு நிலத்தையும் மாமியாரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் நாட்களில் வயலில் நின்று ஆட்களை விரட்டுகிற குரல் தெருமுனைவரை கேட்கும்.

சாயங்காலங்களில் அவன் வீடியோவில் வருவான். மாமியார்தான் அதிகம் பேசுவாள். ஒருநாள் அவன் பின்னால் ஒரு பெண் சிரித்தது அக்காவுக்குக் கேட்டது.

"யாருங்க அது?"

"டிவி ஓடுது."

"டிவி உங்களப் பேர் சொல்லிக் கூப்புடுதே?"

அவன் சிரித்தானாம். "உனக்கு இன்னாடி தெரியும்? இது ஜப்பான் பாஷை. உனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல புரியாது. அம்மாகிட்ட போனக் குடு."

"சரிங்க."

அடுத்த நாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். "தங்கச்சி, இந்த ஆன்லைன்ல ஜப்பான் பாஷை சொல்லித் தராங்களாமே? எனக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்றாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது.

ஜப்பானிலேயே குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தாள். மற்ற நாட்களில் கேட்டுப் பழகுவதற்கான பதிவுகளை அனுப்புவாள். உரையாடல் என்றால் இரண்டு பேர் வேண்டும். அதற்கு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கடைக்காரி, அவள் வாடிக்கைக்காரி. நான் டாக்டர், அவள் நோயாளி. அவளுக்குத் துணை போய் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

இலக்கணம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. "நம்மள மாதிரியேதான்டி. வினை கடசிலதான் வரும். வூட்டுக்குன்னு நாம ‘கு’ போடுற எடத்துல அவன் ‘நி’ போடுறான். அவ்ளோதான்" என்பாள். உச்சரிப்பில்தான் சிக்கினாள். நமக்கு ஒரே ‘த’. அவர்களுக்கு இரண்டு. தம்பியில் வரும் த போலச் சொல்லி ‘தைகக்கு’ என்றால் படிப்பைப் பாதியில் நிறுத்துவது. தர்மத்தில் வரும் த போலச் சொன்னால் கல்லூரி. வகுப்பில் எல்லார் முன்னாலும், "நான் கல்லூரிக்குப் போனேன்" என்பதற்குப் பதில் "படிப்பை நிறுத்தப் போனேன்" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே திருத்தினாள். கல்யாணத்துக்காக இரண்டாம் வருஷத்தில் காலேஜை விட்டவள் அக்கா. "ரெண்டும் எனக்கு ஒண்ணுதாங்க டீச்சர்" என்றாள்.

‘ட்ஸு’ என்றொரு எழுத்து இருக்கிறது. நாக்கு நுனியைப் பல்லில் ஒட்டி எடுக்க வேண்டும். சமையல்கட்டில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். கூடத்தில் படுத்திருந்த மாமியார் சுவரை நிமிர்ந்து பார்த்து, "கெழக்கால பல்லி சொல்லுதுடி. எம்புள்ள வரப்போறான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பல்லி இன்னும் நன்றாகச் சொன்னது.

மாமியார் போனில் புருஷனின் அழைப்பு வரும்போதெல்லாம் தன் போனில் ரெக்கார்டிங் போட்டு, மாமியார் பக்கத்தில் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவாள். அந்தப் பதிவுகளைத்தான் அவள் உண்மையான பாடமாக வைத்திருந்தாள். முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். ஒரு மாதம் கழித்து அதே இரைச்சலில் ‘நாளைக்கு’ என்ற சொல் தனியாகத் தெரிந்தது. அப்புறம் ‘சாப்பாடு’. அப்புறம் ஒரு குழந்தையின் குரல். ஜோஸ்யம் பார்க்கிறவள் சோழியை உருட்டுவது மாதிரி ஒரே பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்பாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அது இன்னும் கொஞ்சம் வாயைத் திறக்கும்.

ஒரு பதிவில் அந்தப் பெண், "யாரு?" என்று அவனிடம் கேட்கிறாள். அவன் ‘இமோத்தோ’ என்று பதில் சொல்கிறான். அன்று போர் மோட்டார் எரிந்துபோனதைப் பற்றித்தான் மாமியார் புலம்பிக்கொண்டிருந்தாள். அதனால் அவன் மோட்டாரைப் பற்றித்தான் சொல்கிறான் என்று அக்கா நினைத்திருந்தாள். "நம்ம மோட்டார் பூட்டதக்கூட அவகிட்ட சொல்லிகினு இருக்கான் பாரு" என்று என்னிடம் குறைப்பட்டாள்.

பிறகு குடும்ப உறவுகள் பற்றிய பாடம் வந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "இமோத்தோ என்றால் தங்கச்சி" என்றாள் டீச்சர்.

அக்கா வகுப்பை அணைத்தாள். பிறகு பதிவைப் போட்டாள். யாரு? இமோத்தோ. மறுபடி போட்டாள். அந்தப் பெண் சிரித்து, ஏதோ அன்பாகச் சொல்வது கேட்டது. அதற்கும் அப்போது எங்களுக்கு அர்த்தம் தெரியும். தங்கச்சிக்கு வணக்கம் சொல்லு.

அன்றிலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"போன் பண்ணி நாக்கப் புடுங்குற மாதிரி கேளுக்கா" என்றேன்.

"தனியா கேட்டா தனியாவே ஒரு பொய் சொல்லுவான். நாலு பேர் முன்னால கேக்கணும். அதுக்கு நான் தப்பில்லாம பேசணும். திக்கக் கூடாது. திக்கினன்னு வையி, சிரிப்பான்."

வாய்விட்டுப் பேசிப் பழக வீட்டில் முடியவில்லை. ஒரு விடுமுறையில் இரண்டு பேரும் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் சிக்னல் போய், போனில் ஓடிக்கொண்டிருந்த டீச்சரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. மரவள்ளிக் காடுகளைத் தாண்டி, வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் அருவியில் போய் நின்றோம். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. அக்கா பாறைமேல் ஏறி, நாலு பேர் முன்னால் சொல்வதற்காக வைத்திருந்த இரண்டு வரிகளை அருவியைப் பார்த்துக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். குரலைத் தணித்துச் சொன்னாள். புன்னகையோடு சொன்னாள். அருகில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் பயந்து எழுந்துவிட்டாள்.

"சாமி வந்துருச்சாம்மா அதுக்கு? எந்தச் சாமி? இன்னா பாஷ பேசுது?"

அக்கா இறங்கி வந்து, அவளிடம் சுளை வாங்கித் தின்றாள். "பழைய சாமிதாம்மா. புதுசா பேசுது" என்றாள்.

அடுத்த தை மாதம் அவன் வந்தான். கொழுத்து, வெளுத்து, கையில் பெரிய பெட்டியோடு வந்தான். மாமியார் திருஷ்டி கழித்தாள். அக்கா காலில் விழுந்து எழுந்தாள். அவளுக்கு அந்த மொழி தெரியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால் அவன் ஒளியவே இல்லை. பின்கட்டில், தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு, போனில் முகம் பார்த்துப் பேசுவான். கேட்டால் கம்பெனி மேனேஜர் என்பான். "பாரு, எம்புள்ள எப்பிடி பேசுறான்" என்று மாமியார் பூரித்துப்போவாள். அக்கா டீ கொண்டுபோய் வைப்பாள். பக்கத்திலேயே கல்லில் துணி துவைப்பாள். துவைத்து முடித்ததும் மாடிக்கு வந்து என்னிடம் சொல்வாள்.

"அவங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு பொய் சொல்லிட்டு வந்துருக்கான்."

இன்னொரு நாள்: "எம் புருஷன் குடிகாரனாம்டி. அடிக்கிறானாம். அதனாலதான் தங்கச்சி அம்மா வூட்டோட வந்து கெடக்குதாம். அவன் வாயாலயே சொல்றான்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காணும் பொங்கலன்று வீட்டில் கறிச்சோறு. அவனுடைய தாய்மாமன், பெரிய மனிதர், குடும்பத்தோடு வந்திருந்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இலை போட்டுப் பாதி சாப்பாட்டில் அவனுக்கு அழைப்பு வந்தது. எச்சில் கையோடு இடது கையால் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பேசினான். மாமன் பெருமையாகக் கேட்டார்.

"யாருடா?"

"மேனேஜருங்க மாமா."

குழம்பு வாளியோடு வந்த அக்கா, வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவன் தோளுக்குப் பின்னால் குனிந்து, தன் முகம் திரையில் தெரிகிற மாதிரி நின்றாள். அந்தப் பெண் சிரித்த முகமாக ஏதோ முகமன் சொன்னாள். அக்காவும் சிரித்தாள். ஜப்பான் மொழியில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"வணக்கம். நான் தங்கச்சி இல்லை. நான் இவர் மனைவி."

ஒரு சின்னத் திக்கல் இல்லை. ‘மனைவி’ என்பதற்கான அவர்கள் சொல்லில் அந்தப் பல்லி எழுத்து, ‘ட்ஸு’, வருகிறது. அதுவும் சுத்தமாக வந்தது.

அவன் எச்சில் கையாலேயே போனைக் கவிழ்த்தான். திரை முழுக்கக் குழம்பு.

"திருப்புங்க. மேனேஜரு லைன்ல கீறாங்க இல்ல" என்றாள் அக்கா.

மாமன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இன்னாடா சொல்லிச்சு அது?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டு இல்லிங்க மாமா. ரெண்டே வரிதான் சொன்னேன். அத அவரே தமிழ்ல சொல்லட்டும். அவருதான் பாஷ தெரிஞ்சவரு. எனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல புரியாது."

மாமன் விடவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். அவனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். அங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவதைச் சொன்னான். ஒரு குழந்தை இருப்பதைச் சொன்னான். கல்யாணமாகாதவன் என்று அவளிடம் சொல்லியிருப்பதையும் சொன்னான். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு பதிலையும் முன்பே பார்த்த விடைத்தாள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு மகனைக் கேட்டாள்.

"புள்ள ஆம்பளயா, பொட்டயா?"

அக்காவின் முகம் அன்று அந்த ஒரு கணத்தில்தான் கலைந்தது. "சரிங்க அத்த" என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு, என் அறைக்கு வந்துவிட்டாள். பிறகு விஷயம் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனது. கல்யாணம் முறிந்தது. மாமன் அவள் பக்கம் நின்றதால் நிலத்தில் ஒரு பங்கும் அவளுக்கு வந்தது. அவன் ஜப்பானுக்குத் திரும்பிப் போனான், ஆனால் தனியாள். நான் வேலை மாறி ஊரை விட்டு வந்து வருஷங்களாகிவிட்டன. ஆனால் அவன் திரும்பிப் போவதற்கு முன்னால் ஒரு காலையில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அந்த ஜப்பான் பெண் அவனுடைய எண்ணை அடைத்துவிட்டாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கூட வேலை செய்கிறவன் மூலம் செய்தி வந்தது. அவன் சவரம் செய்யாத முகத்தோடு மாடிக்கு வந்தான். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் பொருட்படுத்தாமல் தரையில் உட்கார்ந்தான்.

"நீ ஒரு வார்த்த சொன்னா நம்புவா. எங்களுக்குள்ள எப்பவோ பிரிஞ்சிபோச்சு, கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லு. உனக்கு நான் இன்னா வேணா செய்றேன். எம் புள்ளய பாக்காம இருக்க முடியலடி."

அவன் அழுதான். பொய்யில்லை, நிஜமாகத்தான் அழுதான். அக்கா தலையில் துண்டோடு நின்று கேட்டாள்.

"பிரிஞ்சிட்டோம்னு எப்பிடி சொல்றது? எங்களுக்கு இன்னும் அந்தப் பாடம் வரல."

"வக்கரெமஷ்தா."

"வக்கரிமஷ்தா."

"இல்ல, இல்ல. ‘ரி’ சொன்னா புரிஞ்சிச்சின்னு அர்த்தம். ‘ரெ’. வக்கரெமஷ்தா."

அவள் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லும்வரை அவன் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உச்சரிப்பைத் திருத்தினான். "நல்லா வருது" என்றுகூடச் சொன்னான். அக்கா மாணவி மாதிரித் தலையாட்டினாள்.

"சரிங்க. நம்பர் சொல்லுங்க."

மணி அடித்தது. அந்தப் பெண் எடுத்தாள். ஸ்பீக்கரில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அக்கா பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டாள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் பாடத்தில் வந்த மரியாதைச் சொற்கள். அவன் இரண்டு கையையும் கூப்பி வைத்துக்கொண்டு பார்த்தான். அவனைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள். எளிய வாக்கியங்கள்தான். எனக்கே எல்லாம் புரிந்தது.

"அவர் இப்போது இங்கே இருக்கிறார். அழுகிறார். நம்பாதீர்கள்."

அவன் கூப்பிய கையைக்கூட இறக்கவில்லை. எழவும் இல்லை, போனைப் பிடுங்கவும் இல்லை. பிறகு அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வக்கரிமஷ்தா."

புரிந்தது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்.

அக்கா போனை வாயருகிலிருந்து இறக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் அந்தப் பக்கம் ஏதோ தட்டு உருளும் சத்தம் கேட்டது. சின்னக் கால்கள் ஓடிவந்தன. போனுக்கு மிக அருகில் வந்து குழந்தை கேட்டது:

"பாப்பா வா?"

அந்த மொழியில் அதற்கு ‘அப்பா எங்கே’ என்று அர்த்தம்.

கீழே வாசலில் மாமியார் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "யாரு வூட்டுப் புள்ளயோ, கொஞ்சிக் கூப்புடுது. ‘பாப்பா, வா’ன்னுது பாரு" என்று அவள் சொல்லிக்கொள்வது மேலே கேட்டது.

அவன் முட்டிபோட்டபடி கையை நீட்டினான். அக்கா கொடுக்கவில்லை. குழந்தை இன்னொரு தரம் கேட்டது. அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அவளுக்கு மொழி தெரியும். உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு பச்சரிசியை மெல்வது போல் தாடையை இறுக்கிக்கொண்டு, கட்டை விரலால் அழைப்பைத் துண்டித்தாள்.